கூடிப்போன ஆயில்

மாரிராஜ் கம்பியை உருவித் துணியில் துடைத்து, மறுபடி செருகி, மறுபடி உருவினார். இது நான்காவது தடவை. ஆயில் பார்க்கும் அந்தக் கம்பியின் நுனியில் கீழே ஒரு வெட்டு, மேலே ஒரு வெட்டு. இரண்டுக்கும் நடுவில் ஆயில் நின்றால் இன்ஜின் நன்றாக இருக்கிறது என்று பொருள். இன்றைக்கு அது மேல் வெட்டையும் தாண்டி ஒரு விரற்கடை ஏறி நின்றது.

ஆயில் குறையும். அது ஊரறிந்த விஷயம். பழைய இன்ஜின் குடிக்கும், அடியில் ஒழுகும், புகையாகப் போகும்; ஊற்றிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். யாரும் ஒரு சொட்டுக்கூட ஊற்றாமல், பூட்டின ஷெட்டுக்குள், வந்து நாலே மாதமான புத்தம்புது வண்டியில் ஆயில் தானாகக் கூடுமா? இருபத்தாறு வருஷம் லாரி ஓட்டிய மனுஷருக்குத் தூக்கிவாரிப் போட்டது. விரலில் தொட்டு மூக்கருகே கொண்டுபோனார். குப்பென்று பெட்ரோல் வாடை அடித்தது. அப்படியே பம்பரை ஒட்டித் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மாரிராஜ் மாஞ்சோலையில் தேயிலை லாரி ஓட்டியவர். மணிமுத்தாறுக்கு இறங்குகிற அந்த மலைப்பாதையில் தூங்கிக்கொண்டே வளைவு திருப்புவார் என்று கேலி பேசுவார்கள். அவருடைய பெருமை வேறு. இத்தனை வருஷத்தில் தன் கையில் பழுதாகி ஒரு இன்ஜின்கூடப் பிரித்ததில்லை என்பார். கல்யாண வீடானாலும் சொல்வார், துக்க வீடானாலும் சொல்வார். கேட்டுக் கேட்டு அவர் மனைவி வடிவம்மாளுக்குக் காது புளித்துப்போயிற்று.

அதற்கு அவர் வைத்திருந்த காரணம் ஒன்றே ஒன்று. விடிகாலையில் லாரியை எழுப்பிவிட்டு, பல் தேய்த்து, கடுங்காப்பி குடித்து முடிக்கிற வரைக்கும் நின்ற இடத்திலேயே ஓடவிடுவார். பிரேக்குக்குக் காற்று ஏற வேண்டும், இன்ஜின் குளிர் விட வேண்டும். காற்று ஏறாமல் இறங்கினவன் மணிமுத்தாறு அணைக்குள் போய்த்தான் வண்டியை நிறுத்த வேண்டும். காற்று மீட்டரில் முள் ஏறுவதற்கு முன்னால் கியர் போடுகிறவனை மாரிராஜ் டிரைவர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

இரண்டாயிரத்து இருபத்துநாலில் கம்பெனி தோட்டத்தை மூடி, ஜனம் எல்லாம் மலையை விட்டு இறங்கியபோது அவரும் இறங்கினார். மேலப்பாளையத்தை ஒட்டின குறிச்சியில் வாடகைக்கு ஒரு வீடு. வடிவம்மாள் கொழுந்து கிள்ளிய கையால் பீடி சுற்றப் பழகிக்கொண்டாள். மாரிராஜ்தான் திண்டாடிப் போனார். ஐம்பத்து மூன்று வயதில், டவுன் நெரிசலில் ஓட்டிப் பழக்கமில்லாத மலை டிரைவரை யார் கூப்பிடுவார்கள்? ஐந்தாறு மாதம் சும்மா இருந்தார். அப்போதுதான் மேலப்பாளையத்து சல்மான் ஃபாரிஸ் யார் மூலமோ கேள்விப்பட்டு ஆளனுப்பினான். இன்ஜினைப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்கிற டிரைவர் ஒருவர் மலையிலிருந்து இறங்கி வந்திருக்கிறாராமே என்று கேட்டுத்தான் அனுப்பினான். அந்தப் பேர்தான் அவருக்கு வேலை வாங்கிக் கொடுத்தது.

சல்மான் ஃபாரிஸுக்கு ஷார்ஜாவில் அத்தர் கடையில் பங்கு. முப்பத்து மூன்று வயது. சின்னதிலிருந்து கார்ப் பைத்தியம். லீவில் வந்தவன் கருஞ்சிவப்பில் ஒரு வண்டியைக் கொண்டுவந்து வீட்டு வாசலில் நிறுத்தினான். மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்கிற வண்டி. தெருவே கூடிப் பார்த்தது. பார்க்காதது அவன் உம்மா சுலைகா பீவி மட்டும்தான். வாப்பா மௌத்தாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, மகன் இனிமேல் ஊரோடு வந்துவிடுவான் என்று நம்பிக்கொண்டிருந்தவர் அவர். மகனோ காரை நிறுத்திவிட்டு, ஒன்பது நாளில் மறுபடி விமானம் ஏறுகிறேன் என்றான். வீட்டுக்கு ஆள் கேட்டால் வண்டி வாங்கி வருகிறாயா என்று ஒரே ஒரு தடவை கேட்டார். நீ ஊரோடு வருகிற வரைக்கும் உன்னோடு எனக்குப் பேச்சில்லை என்றார். சொன்னபடியே செய்தார். நாலு மாதமாகப் போனை எடுக்கவில்லை. அந்தக் காரில் காலும் வைக்கவில்லை.

போவதற்கு முன்னால் சல்மான் மாரிராஜைப் பக்கத்தில் உட்காரவைத்து விவரமாகச் சொன்னான். முதல் ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் பைய ஓட்டிப் பழக்க வேண்டும். ரொம்ப விரட்டக் கூடாது, ஒரே வேகத்திலும் போகக் கூடாது. அதன் பிறகு ஆயில் மாற்ற வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் எடுங்கள், பெருநாளைக்கு நான் வந்து ஓட்டுகிறேன் என்றான். மாரிராஜ் தலையை ஆட்டினார். ஆனால் எங்கே எடுப்பது? வீட்டுக்காரம்மா ஏற மாட்டேன் என்கிறார். முதலாளி ஏறாத வண்டியை டிரைவர் தனியாக எடுத்துக்கொண்டு ஊர் சுற்றுவது களவாணித்தனம் என்பது தோட்டத்துச் சட்டம். காலி லாரியைக்கூடக் காரணமில்லாமல் நகர்த்தியவர் இல்லை அவர். முதல் மாதம் நாலைந்து தடவை பைபாஸ் வரை போய் வந்தார். தெருவில் ஒருத்தன், என்ன மாரிராஜ், சவாரியா என்று சிரித்தான். அத்தோடு விட்டுவிட்டார்.

வண்டியைச் சும்மா போட்டுவைக்கவும் மனசு கேட்கவில்லை. ஆகவே தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தார். காலையில் ஐந்தே முக்காலுக்கு வந்துவிடுவார். சுபுஹு தொழுதுவிட்டு சுலைகா பீவி ஜன்னல் கம்பி வழியாகச் சாவியை நீட்டுவார். ஷெட்டைத் திறந்து, வண்டியை எழுப்பி, நின்ற இடத்திலேயே கால் மணி நேரம் ஓடவிட்டு, அணைத்துவிட்டுத் துடைப்பார். சாயங்காலம் இன்னொரு கால் மணி நேரம். வாரம் ஒரு முறை கம்பியை உருவிப் பார்ப்பார். அவர் கண் போவது எப்போதும் கீழ் வெட்டுக்குத்தான். குறைந்திருக்கிறதா என்றுதானே எந்த டிரைவரும் பார்ப்பான்? ஒரு சொட்டுக் குறையவில்லை என்று வடிவம்மாளிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். அவளும் சந்தோஷப்பட்டாள், பாவம்.

அந்த மாரிராஜ்தான் இப்போது தரையில் உட்கார்ந்திருக்கிறார்.

எப்படியோ எழுந்து, சுலைகா பீவியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, வண்டியை ஊர்ந்து ஊர்ந்து பெருமாள்புரத்துக்குக் கொண்டுபோனார். அங்கே ரீபா ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறாள். பாளையங்கோட்டையில் வாத்தியார் வீட்டுப் பிள்ளை. மதுரையில் பெரிய கம்பெனி ஒன்றில் ஏழு வருஷம் இந்த மாதிரி வண்டிகளையே பிரித்துக் கோத்துவிட்டு வந்தவள். கம்பியை உருவிப் பார்த்தாள், மோந்து பார்த்தாள். கையிலிருந்த கருவியை வண்டியில் சொருகி, திரையில் ஓடிய எண்களைப் படித்தாள். அப்புறம் மாரிராஜை நிமிர்ந்து பார்த்தாள்.

“அண்ணாச்சி, இது ஓடியிருக்கிறது இருநூத்திப் பன்னெண்டு கிலோமீட்டர். இன்ஜின் அறுபத்தெட்டு மணி நேரம் ஓடியிருக்கு. நின்னுக்கிட்டே ஓடியிருக்கு பாத்துக்கோங்க. யாரு பாத்த வேலை இது?”

ஷெட்டுக்குப் பூனை வந்தது, எலி வந்தது என்று சொல்லவா முடியும்? நான்தான் தாயி என்று சொல்ல அவருக்கு வெகு நேரம் பிடித்தது. லாரிக்குச் செய்வதைத்தான் செய்தேன் என்றார்.

ரீபா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பொறுமையாக விளக்கினாள். இந்த ரக இன்ஜினில் பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள்ளே பீய்ச்சியடிக்கும். நிறுத்திவைத்துச் சும்மா ஓடவிட்டால் ஆயில் போதுமான அளவு சூடாகாது. எரியாத பெட்ரோல் சுவர் வழியாக வழிந்து கீழே ஆயிலோடு போய்ச் சேரும். சாலையில் எடுத்து ஓட்டினால் அந்தச் சூட்டில் அது ஆவியாகிப் போய்விடும். மாரிராஜ் சூடேறுவதற்குள் அணைத்து அணைத்து வைத்திருக்கிறார். நாலு மாதப் பெட்ரோலும் அடியில் தேங்கி, ஆயிலை நீர்க்க அடித்திருக்கிறது.

அது பரவாயில்லை, ஆயிலை மாற்றிவிடலாம் என்றாள். மாரிராஜுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அடுத்து அவள் சொன்னதில் அதுவும் நின்றுபோயிற்று. புது இன்ஜினில் பிஸ்டன் வளையமும் சிலிண்டர் சுவரும் ஒன்றோடொன்று உரசிப் படிய வேண்டும். அதற்கு வண்டி பாரம் இழுக்க வேண்டும், ஏற வேண்டும், இறங்க வேண்டும், வேகம் கூடிக் குறைய வேண்டும். அந்த முதல் ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் அதற்குத்தான். நிறுத்தி வைத்து ஓடவிட்டால் சுவர் வழுவழுத்துப்போய், வளையம் கடைசி வரைக்கும் படியாமலே போனாலும் போகலாம். அப்படி ஆனால் இன்ஜினைப் பிரிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

பிரிப்பது! அந்த ஒரு சொல்தான் மாரிராஜின் காதில் நின்றது. டாஷ்போர்டுக்குள் கிடந்த வண்டிப் புத்தகத்தை ரீபா எடுத்துப் புரட்டி ஒரு வரியைக் காட்டினாள். வண்டியை ஸ்டார்ட் செய்ததும் கிளம்பிவிட வேண்டும், நிறுத்தி வைத்துச் சூடேற்றக் கூடாது என்று இங்கிலீஷில் கறுப்பு மையில் அச்சடித்திருந்தது. கட்டம் கட்டியே அச்சடித்திருந்தது. நாலு மாதமாக அந்தக் கட்டம் அவர் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி இருந்திருக்கிறது. புத்தகம் பார்த்து வண்டி ஓட்டுவதற்கு நான் என்ன பள்ளிக்கூடமா போகிறேன் என்று அவர் ஒரு நாளும் அதைத் தொட்டதில்லை.

ஆயில் வடிக்கிற அடி ஆணியைக் கழற்றியதும் ஆயில் ரசம் மாதிரி சளசளவென்று கொட்டியது. மாரிராஜால் பார்க்க முடியவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரீபா புது ஆயிலும் ஃபில்டரும் போட்டுக் கொடுத்து, இனி ஒழுங்காக ஓட்டுங்கள், ஐந்நூறில் ஒரு தடவை கொண்டுவாருங்கள், ஆயிரத்தைந்நூறு தாண்டினால்தான் இன்ஜின் பிழைத்ததா என்று சொல்ல முடியும் என்றாள். ஓனரிடம் நான் வாய் திறக்க மாட்டேன், சொல்வதும் சொல்லாததும் உங்கள் பாடு என்றும் சொன்னாள்.

வடிவம்மாள் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தாள். சொன்னால் அன்றைக்கே வேலை போகும், பெருநாள் வரைக்கும் வாயை மூடிக்கொண்டு இரு, அதற்குள் ஓட்டிச் சரிபண்ணிவிடு என்றாள். மாரிராஜும் சரி என்றார். வேலை போவதைக்கூட அவர் தாங்கிக்கொள்வார். மலையிலிருந்து வந்த மாரிராஜ் புது இன்ஜினைக் கெடுத்துவிட்டான் என்று மேலப்பாளையம் முழுக்கச் சொல்லுமே, அதை எப்படித் தாங்குவது? அந்தப் பேரை விட்டால் அவரிடம் வேறு என்ன இருக்கிறது? ஜாதகமா, சொத்தா?

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு வழக்கம்போலப் போனார். ஜன்னலுக்குப் போய்ச் சாவி கேட்கவில்லை. எழுப்பக் கூடாத வண்டிக்குச் சாவி எதற்கு? எடுத்து ஓட்டலாம் என்றால் எங்கே, யாரைக் கேட்டு? ஷெட் வாசலில் கவிழ்த்துப் போட்ட வாளி மேல் உட்கார்ந்து, துடைக்கிற துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

ஆறு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது போன் அடித்தது. சல்மான் ஃபாரிஸ். அந்நேரத்துக்கு அவன் கூப்பிட்டதே கிடையாது. ரீபா சொல்லிவிட்டாளோ? லாரி இரைச்சலில் மந்தமாகிப்போன காது என்பதால் அவர் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். பட்டனை அழுத்தினதும் அந்தப் பக்கம் மூச்சு வாங்கியது.

“அண்ணே, உம்மாவுக்கு என்னாச்சு?”

மாரிராஜுக்கு ஒன்றுமே விளங்கவில்லை. அம்மாவுக்கு என்ன, நன்றாக இருக்கிறார்களே, உள்ளே விளக்கு எரிகிறதே என்றார். அப்படியானால் ஏன் இன்னும் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று சல்மான் கத்தினான்.

வண்டி ஸ்டார்ட் ஆகாதது ஷார்ஜாவில் இருப்பவனுக்கு எப்படித் தெரியும்? மாரிராஜ் சுற்றுமுற்றும் பார்த்தார். சுவரில் கேமரா எதுவும் இல்லை. இனிமேல் மறைத்துப் பயனில்லை என்று பட்டது. பட்டதும், ரீபாவிடம் போனது, பெட்ரோல் கலந்தது, வளையம் படியாதது என எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டார். ஏற்றம் இறக்கமாக ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டுமாம், அதன் பிறகுதான் தெரியுமாம், என்னை என்ன செய்தாலும் செய்யுங்கள் தம்பி என்று முடித்தார்.

“தெரியும்ணே” என்றான் சல்மான்.

“என்ன தெரியும்?”

“நிறுத்தி வச்சு ஓட்டக் கூடாதுன்னு தெரியும். வண்டி எடுத்த அன்னைக்கே புத்தகத்துல படிச்சிட்டேன்.”

பிறகு அவன் சொல்லச் சொல்ல மாரிராஜ் வாளி மேல் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். வண்டி எழும்பினால் அவன் போனில் காட்டுமாம். எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று எல்லாம் வருமாம். முதல் நாளே பார்த்துவிட்டானாம். நிறுத்தச் சொல்ல வேண்டும் என்றுதான் போனைக் கையில் எடுத்தானாம். அப்போதுதான் ஒன்று தோன்றியிருக்கிறது. உம்மா எழுந்து சாவி கொடுத்தால்தான் மாரிராஜ் ஷெட்டைத் திறக்க முடியும். வண்டி எழும்பியது என்றால் உம்மா எழும்பிவிட்டார், நடமாடுகிறார் என்று அர்த்தம். பக்கத்து வீட்டில் விசாரித்தாலும், மாரிராஜையே தினமும் கேட்டாலும் உம்மாவுக்குத் தெரிந்து இன்னும் ரோஷம் கூடும். வாப்பா போன சேதியே அவனுக்கு அங்கே விடிந்த பிறகுதான் கிடைத்தது. தினமும் நாலே காலுக்கு அலாரம் வைத்து எழுந்து, போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பானாம். வண்டி எழும்பின சேதி வந்த பிறகுதான் மறுபடி படுப்பானாம்.

மாரிராஜுக்குக் கோபம் வந்தது. அடிவயிற்றிலிருந்து வந்தது. முதலாளி என்பதெல்லாம் மறந்து போயிற்று.

“அப்போ நாலு மாசமா நான் வண்டியைக் கெடுக்கேன்னு தெரிஞ்சே பாத்துக்கிட்டு இருந்தியளா? நேத்துலேருந்து நான் செத்துப் பிழைச்சிருக்கேன், தம்பி. இருபத்தாறு வருஷம் என் கையில ஒரு இன்ஜின் போனதில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கப் படாதா?”

வண்டி போனால் போகட்டும் என்று நினைத்தேன், உங்களை நினைக்கவே இல்லை அண்ணே என்றான் சல்மான். உண்மையைத்தான் சொன்னான். அது மாரிராஜுக்கு இன்னும் எரிந்தது.

பதில் சொல்ல வாயெடுத்தவர் நிமிர்ந்தால், எதிரே சுலைகா பீவி நிற்கிறார். கையில் சாவி. இந்த நாலு மாதத்தில் ஷெட் பக்கம் அவர் வந்ததே இல்லை. சாவி வாங்க ஆள் வராததால் என்னவோ ஏதோ என்று தேடிக்கொண்டு வந்திருக்கிறார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று மாரிராஜுக்குத் தெரியவில்லை. முகத்தைப் பார்த்தால் எல்லாவற்றையும் கேட்டுவிட்டார் என்று தெரிந்தது. உதடு வெளுத்துப் போயிருந்தது. போனை அவர் கையில் வாங்கவில்லை. அதைப் பார்த்தபடியே பேசினார்.

“ஏலே, நான் உசிரோட இருக்கேனான்னு கார்கிட்டயா கேட்டுக்கிட்டு இருந்த?”

அந்தப் பக்கம் “உம்மா” என்று ஒரு சத்தம் வந்தது.

அதற்காக ஒரு மனுஷனின் பேரைக் கெடுப்பாயா, அவர் என்னடா பாவம் செய்தார் என்று கேட்டார் சுலைகா பீவி. அழுகைதான் கேட்டது. மாரிராஜ் போனைப் பிடித்தபடி எழுந்து நின்றார். வைக்கவும் முடியவில்லை, பிடித்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை. தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் கை நீட்டிக்கொண்டு நிற்பது இந்த ஆயுளில் அவர் செய்யாத வேலை.

சுலைகா பீவி சாவியை மாரிராஜிடம் கொடுத்தார். கதவைத் திற என்றார். மாரிராஜுக்குக் காதில் விழவில்லை என்று நினைத்து மறுபடியும் சொன்னார். மாரிராஜ் திறந்ததும், வெள்ளைத் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். போனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“ஏத்தம் இறக்கமா ஆயிரம் கிலோமீட்டர் போவணும்னு சொன்னல்லா, மாரி? பாபநாசத்துக்கு விடு. தினமும் நான் வாரேன்.” பிறகு மடியைப் பார்த்துச் சொன்னார். “ஓடி முடியுறதுக்குள்ள நீ ஊரு வந்து சேரணும். உனக்கு அவ்வளவுதான் தவணை.”

மாரிராஜ் வண்டியை எழுப்பினார். பழக்கதோஷம், வலது கால் தானாகப் பின்னால் நகர்ந்து காத்திருக்கப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உடனே கியர் போட்டார். இன்ஜின் பிழைக்குமா பிழைக்காதா என்று அவருக்கு அப்போதும் தெரியாது. பின்சீட்டில், வைத்துவிடாதே, அப்படியே இரு என்று சுலைகா பீவி போனிடம் சொல்வது கேட்டது.

சேரன்மகாதேவி போயிற்று, கல்லிடைக்குறிச்சி போயிற்று. தாயும் பிள்ளையும் ஒரு வார்த்தை பேசவில்லை. பாபநாசம் வரைக்கும் அவன் போனை வைக்கவும் இல்லை.